ரீடரைக் கழட்டிப் பூட்டினால் புரோகிராம் தொங்குது: பிசிஎஸ்சி-லைட்டில் ஹொட்பிளக்கை எப்படிச் சரியா எழுதுறது?

வடலி_கோட், சுன்னாகம்

வணக்கம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின்ர உறுப்பினர் கார்ட்டை வாசிக்கிற மென்பொருள் ஒண்டை ஜிபிஎல் உரிமத்தில எழுதிக்கொண்டிருக்கிறம். சி மொழி, ஜிடிகே முகப்பு, டெபியன் 12 லினக்ஸ். ரீடரோட பேசுறது பிசிஎஸ்சி-லைட் எண்ட நூலகம் மூலம், எஸ்கார்ட் எண்டு தொடங்கிறதெல்லாம் அதின்ர அழைப்புகள். மொத்தம் நாலு கவுண்டர். மூண்டில கார்ட்டைச் செருகுற ஏசிஆர்39யூ, ஒண்டில தட்டினால் வாசிக்கிற ஏசிஆர்122யூ. முதலாவது கவுண்டரில மட்டும் ஏசிஆர்39யூ இரண்டு பூட்டியிருக்கு. ஒண்டு உறுப்பினருக்கு, மற்றது முகாமையாளர் அனுமதி குடுக்கிறதுக்கு.

இப்ப இருக்கிற அமைப்பு: தொடங்கினவுடன எஸ்கார்ட்-லிஸ்ட்ரீடர்ஸ் கூப்பிட்டு, வாற முதல் பெயரை ஒரு குளோபல் மாறியில வைக்கிறம். பிறகு தனி த்ரெட் ஒண்டு அந்தப் பெயருக்கு எஸ்கார்ட்-கெட்ஸ்டேட்டஸ்சேஞ்ச் போட்டு, கார்ட் வருமட்டும் முடிவில்லாமல் காத்திருக்குது. ரீடர் அசையாமல் கிடந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆனால் ரீடர் பூட்டாமல் தொடங்கினால் பிழை காட்டி மூடுது. ஓடிக்கொண்டிருக்கேக்க வயரைக் கழட்டினால் ஒரு சிபியூ கோர் 100 வீதத்துக்குப் போய் முகப்பு உறையுது. திரும்பப் பூட்டினாலும் எழும்பாது. கரண்ட் போற நேரம் கணினி யூபிஎஸ்ஸில நிண்டாலும் இதே மாதிரி உறையுது, ஒருத்தரும் வயரில கைவைக்கேல்லை. ஜன்னலை மூடினால் புரோசெஸ் சாகாமல் கிடக்குது. முதலாவது கவுண்டரில சில நாளில முகாமையாளர் ரீடரும் உறுப்பினர் ரீடரும் தங்களுக்குள்ள மாறிப்போகுது. ஏசிஆர்122யூ பட்டியலிலேயே வருகுதில்லை.

அரை செக்கனுக்கு ஒருக்கா பட்டியலை எடுத்துப் பாக்கிற டைமர் ஒண்டு போட்டுப் பாத்தம். அதுக்குப் பிறகு கார்ட் செருகினதே சிலவேளை தவறுது. ஹொட்பிளக்குக்கு, அதாவது ஓடேக்கயே ரீடரைக் கழட்டிப் பூட்டுறதுக்கு, லிப்யூஎஸ்பி நூலகத்தை நேரடியாப் பிடிக்கிறதா, சாதனம் வந்துபோறதைக் கவனிக்கிற யூடெவுக்கு விதி எழுதுறதா, இல்லை பிசிஎஸ்சிக்குள்ளேயே வழி இருக்கா? தெரிஞ்ச அண்ணைமார், அக்காமார் சொல்லுங்கோ.

---

பனங்கூடல்

தம்பி, லிப்யூஎஸ்பியும் வேண்டாம், யூடெவ் விதியும் வேண்டாம். பிசிஎஸ்சிடி டீமன் (பிசிஎஸ்சி-லைட்டின்ர பின்னணிச் சேவை) யூடெவை ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கு. ரீடர் வந்ததும் போனதும் உங்களைவிட அதுக்கு முதலே தெரியும். நீங்களும் அதே யூஎஸ்பி இடைமுகத்தைப் பிடிக்க வெளிக்கிட்டால் ஒரே சாதனத்துக்கு இரண்டு பேர் சண்டை, கடைசியில ஒருத்தருக்கும் வேலை செய்யாது. யூடெவ் நிகழ்வை நீங்கள் தனியாக் கேட்டாலும் நேரம் பொருந்தாது. கேர்னல் "வந்திட்டுது" எண்டு சொல்லுற கணத்தில டீமன் இன்னும் டிரைவரை ஏத்தி முடிச்சிருக்காது. அந்த நேரம் பட்டியலைக் கேட்டால் ரீடர் இராது.

உங்கட கோட்டில பிழையின்ர வேர் அந்தக் குளோபல் மாறி. ரீடரை ஒருக்காக் கண்டுபிடிச்சுப் பெயரைப் பொத்தி வைக்கலாம் எண்ட நினைப்பையே விடவேணும். ரீடர் பட்டியல் எப்பவும் டீமனிட்டத்தான் இருக்கு. உங்களிட்ட இருக்கிறது கடைசியாக் கேட்ட நேரத்துப் பிரதி மட்டும்.

வழி பிசிஎஸ்சிக்குள்ளேயே இருக்கு. "\\?பிஎன்பி?\நோட்டிபிகேஷன்" எண்டு ஒரு போலி ரீடர் பெயர். அதையும் மற்ற ரீடர்களோட சேர்த்து ஒரே அழைப்பில காத்திருக்க வைச்சால், ரீடர் கூடினாலோ குறைஞ்சாலோ அந்த அழைப்பு திரும்பி வரும். சி மொழியில இந்தச் சரத்தை எழுதேக்க பின்சாய்கோடு தொடக்கத்தில நாலு, நடுவில இரண்டு. அதில ஒண்டு குறைஞ்சாலும் கொம்பைலர் ஒண்டும் சொல்லாது, டீமனுக்கு மட்டும் அது தெரியாத ரீடர் ஆகிவிடும். கனபேர் இதில நாள்கணக்கா நிக்கிறவை.

லூப்பை இப்பிடிக் கட்டுங்கோ:

1. கொன்டெக்ஸ்ட், அதாவது டீமனோட ஒரு தொடர்பு, எடுக்கிறது. சேவை இல்லை எண்டு பிழை வந்தால் மூடாமல் 1 செக்கன், 2, 4 எண்டு இடைவெளியைக் கூட்டி 30 செக்கன் வரைக்கும் திரும்பத் திரும்ப முயற்சிக்கிறது.

2. போலி ரீடரை மட்டும் போட்டு, காலக்கெடு 0 ஆக ஒருக்காக் கூப்பிடுறது. திரும்பி வாற ஈவென்ட்ஸ்டேட்டில (டீமன் சொல்லுற நிலை) "அன்நோன்" கொடி நிண்டால் இந்தத் தளத்தில பிஎன்பி வசதி இல்லை. அப்ப மட்டும் 1 செக்கன் காலக்கெடுவோட திரும்பத் திரும்பப் பட்டியல் எடுக்கிற வழிக்குப் போகவேணும்.

3. பட்டியல் எடுக்கிறது. "ரீடர் ஒண்டும் இல்லை" எண்ட விடையைப் பிழையா எடுக்கக்கூடாது. அது வெறும் பட்டியல், அவ்வளவுதான். போலி ரீடரோட மட்டும் காத்திருக்கலாம்.

4. ஒவ்வொரு ரீடருக்கும் ஒரு நிலை உறுப்பு. புது ரீடருக்குக் கரண்ட்ஸ்டேட் (உங்களுக்குத் தெரிஞ்ச நிலை) "அன்அவேர்", அதாவது 0. அப்பதான் ஏற்கெனவே கார்ட் செருகிக் கிடந்தாலும் உடனே சொல்லும். பழைய ரீடருக்கு முந்தி வைச்ச நிலை அப்பிடியே இருக்கட்டும். கடைசி உறுப்பு போலி ரீடர்.

5. எஸ்கார்ட்-கெட்ஸ்டேட்டஸ்சேஞ்ச், காலக்கெடு 5000 மில்லிசெக்கன்.

6. திரும்பினதும் முதல் பாக்கவேண்டியது போலி ரீடரின்ர "சேஞ்ச்ட்" கொடி. அது நிண்டால், அல்லது ஏதாவது ரீடரில "அன்நோன்" நிண்டால், அல்லது அழைப்பே "தெரியாத ரீடர்" எண்ட பிழையோட வந்தால், அல்லது காலக்கெடு முடிஞ்சால், நேரே 3க்கு. மற்றப்படி கார்ட் நிகழ்வுகளைக் கவனிச்சு, ஈவென்ட்ஸ்டேட்டைக் கரண்ட்ஸ்டேட்டுக்கு மாத்தி, திரும்ப 5க்கு.

சிபியூ ஏன் 100க்குப் போகுது எண்டால், ரீடர் போன முதல் தடவை அழைப்பு "அன்நோன்" கொடியோட வரும். நீங்கள் அதைப் பாக்காமல் அதே பெயரோட திரும்பக் கூப்பிடுறியள். இல்லாத ரீடருக்காக டீமன் காத்திருக்காது. உடனே பிழையைத் திருப்பும். நீங்கள் உடனே திரும்பக் கேப்பியள். இப்பிடிச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில ஓடும்.

5 செக்கன் காலக்கெடு ஏன் எண்டு கேப்பியள். பட்டியல் எடுத்ததுக்கும் காத்திருக்கத் தொடங்கினதுக்கும் நடுவில ஒரு சந்து இருக்கு. அந்தச் சந்துக்குள்ள வந்த ரீடர் தவறிப்போக இடமுண்டு. காலக்கெடு முடிஞ்சதும் பட்டியலைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டால் எந்த நிலையிலும் 5 செக்கனுக்குள்ள சரியாகும். இது அரை செக்கன் டைமர் மாதிரி இல்லை. வழமையான நிகழ்வெல்லாம் உடனே வரும், காலக்கெடு காவலுக்கு மட்டும்.

உங்கட டைமர் கார்ட் நிகழ்வைத் தவறவிட்டதுக்குக் காரணம், ஒவ்வொரு தடவையும் நிலை வரிசையைப் புதுசாக் கட்டி முந்தின நிலையை அழிச்சிருப்பியள். ஈவென்ட்ஸ்டேட்டின்ர மேல் 16 பிட்டில கார்ட் வந்துபோன எண்ணிக்கை ஓடுது. அதை முழுசா அடுத்த கரண்ட்ஸ்டேட்டுக்குக் குடுத்தால், நீங்கள் வேற வேலையில இருக்கேக்க ஒருத்தர் கார்ட்டை எடுத்துத் திரும்ப வைச்சாலும், "அப்பவும் கார்ட் இருந்தது, இப்பவும் இருக்கு" எண்டு ஏமாறாமல் மாற்றமாச் சொல்லும். மேல் பாதியை வெட்டிப்போட்டுக் கொடிகளை மட்டும் வைச்சால் அந்த வசதி போச்சு.

இன்னுமொண்டு. நிலை உறுப்பில இருக்கிற பெயர் வெறும் சுட்டி. பட்டியல் சரத்தை ஃப்ரீ செய்துபோட்டுக் காத்திருந்தால் சுட்டி வெளியில தொங்கும். கணினிக்குக் கணினி வேற வேற மாதிரி உடையும். பெயரைப் பிரதி எடுத்து வைச்சுக்கொள்ளுங்கோ.

ஜன்னல் மூடேக்க சாகாதது வேற விசயம். காத்திருக்கிற த்ரெட்டை எழுப்ப எஸ்கார்ட்-கான்சல். ஒரே கொன்டெக்ஸ்ட்டை இன்னொரு த்ரெட்டில இருந்து தொடலாம் எண்டால் அது அந்த ஒரு அழைப்புக்குத்தான். மற்ற எல்லாத்துக்கும் த்ரெட்டுக்கு ஒரு கொன்டெக்ஸ்ட். ஆனால் த்ரெட் காத்திருக்கத் தொடங்குறதுக்கு ஒரு கணம் முந்திக் கான்சல் போட்டால் அது காத்தில போகும். ஆகவே முதலில "நிறுத்து" எண்ட கொடியை ஏத்துங்கோ, பிறகு கான்சல். லூப்பின்ர தலையில அந்தக் கொடியைப் பாருங்கோ. கான்சல் தவறினாலும் 5 செக்கன் காலக்கெடு காப்பாத்தும்.

ஜிடிகே எண்டபடியால் கடைசியா: கார்ட் த்ரெட்டில இருந்து ஒரு லேபிளைக்கூடத் தொடவேண்டாம். ஜி-ஐடில்-அட் மூலம் முகப்பு த்ரெட்டுக்குச் செய்தி அனுப்புங்கோ.

---

செம்மண், கோண்டாவில்

பனங்கூடல் அண்ணை லூப்பைச் சொல்லிவிட்டார். நான் கோட்டுக்கு வெளியே உள்ளவற்றைச் சொல்கிறேன்.

ஏசிஆர்122யூ பட்டியலில் வராததற்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்தான். அதற்குள் இருப்பது என்எக்ஸ்பியின் பிஎன்532 குடும்பச் சில்லு. லினக்ஸ் கேர்னலின் பிஎன்533 மொடியூல் "இது என்னுடையது" என்று முந்திப் பிடித்துவிடும். பிசிஎஸ்சிடி வந்து கேட்டால் "பிஸி" என்ற விடைதான் கிடைக்கும். மொட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, பிஎன்533_யூஎஸ்பி, பிஎன்533, என்எஃப்சி ஆகிய மூன்றையும் மூன்று வரிகளில் பிளாக்லிஸ்ட் செய்யுங்கள். பிறகு மொட்ப்ரோப் -ஆர் கொண்டு முதலில் பிஎன்533_யூஎஸ்பி, அடுத்து பிஎன்533, கடைசியாக என்எஃப்சி என்ற ஒழுங்கில் இறக்குங்கள். ரீடரைக் கழற்றிப் பூட்டினால் பட்டியலில் நிற்கும். உங்கள் நிறுவற் பொதியிலேயே இந்தக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். கவுண்டரில் இருப்பவர் இதைச் செய்யப்போவதில்லை.

அதே "பிஸி" பிழை ஏசிஆர்39யூவிலும் வந்தால், அந்தக் கணினியில் ஜிபிஜி மறையாக்க மென்பொருளின் எஸ்சிடீமன் ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் ரீடரை நேரடியாகப் பிடிக்கும் பழக்கமுள்ளது. எஸ்சிடீமன்.கொன்ஃப் கோப்பில் "டிசேபிள்-சிசிஐடி" என்ற ஒரு வரி போதும்.

இனி, கரண்ட் போகும்போது உறைவது. கணினி யூபிஎஸ்ஸில் நிற்கிறது என்கிறீர்கள். ரீடர்கள் ஹப் மூலம் பூட்டியிருந்தால், அந்த ஹப்பின் அடப்டர் எந்த பிளக்கில் இருக்கிறது? சுவர் பிளக்கில் இருந்தால் கரண்ட் நின்ற கணமே ஹப் அணைந்து எழும்பும், அதனோடு எல்லா ரீடர்களும் விழுந்து திரும்ப வரும். கணினிக்கு அது ஒருவர் வயரைக் கழற்றிப் பூட்டியது போலத்தான். ஜேர்னல்சிடிஎல் -கே -எஃப் ஓடவிட்டு மெயின் கரண்டை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். "யூஎஸ்பி டிஸ்கனெக்ட்" வரி ஹப்புக்கு வந்தால் காரணம் அதுதான். அடப்டரை யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். மென்பொருள் இதைத் தாங்கத்தான் வேண்டும், ஆனால் தாங்கும் என்பதற்காக நாளுக்கு நாலு தரம் விழ விடக்கூடாது.

அடப்டரே இல்லாத ஹப் என்றால் நிலைமை இன்னும் மோசம். யூஎஸ்பி 2.0 விதிப்படி கணினியிலிருந்து மட்டும் மின் எடுக்கும் ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லியம்பியர்தான் தரக் கடமைப்பட்டது. எல்எஸ்யூஎஸ்பி -வி கொடுத்து ஒவ்வொரு ரீடருக்கும் "மாக்ஸ்பவர்" வரியைப் பாருங்கள். தட்டி வாசிக்கும் ரீடர் காந்தப்புலத்தை எழுப்பும் கணத்தில்தான் அதிகம் இழுக்கும். ஆகவே சும்மா கிடக்கும்போது சரியாக இருந்து, கார்ட்டை வைத்தவுடன் ரீடர் காணாமற் போகும். கேர்னல் பதிவில் பிழை எண் -71 அல்லது -110 தொடர்ந்து வந்தால் முதலில் வயரையும் ஹப்பையும் மாற்றுங்கள், பிறகு கோட்டைப் பார்க்கலாம்.

அனுமதி விவகாரம் ஒன்றும் உண்டு. கவுண்டரில் முகத்துக்கு நேரே லொகின் செய்தவருக்கு போல்கிட் (லினக்ஸின் அனுமதிச் சேவை) தானாக அனுமதி தரும். எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து ஓட்டினாலோ சிஸ்டம்டி சேவையாக ஓட்டினாலோ தராது. பிசிஎஸ்சிடி பதிவில் "நொட் ஓதரைஸ்ட்" என்று வரும். ரூல்ஸ்.டி அடைவில் ஒரு சிறிய ஜாவாஸ்க்ரிப்ட் விதி எழுதி, உங்கள் சேவைப் பயனருக்கு அக்சஸ்_பிசிஎஸ்சி, அக்சஸ்_கார்ட் என்ற இரண்டு செயல்களுக்கும் அனுமதி கொடுங்கள். இதைத் தாண்ட ரூட்டாக ஓட்டுவதுதான் சுலபம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். பணம் புழங்கும் கணினி.

---

வடலி_கோட்

அக்கா, ஹப் அடப்டர் சுவர் பிளக்கிலதான் இருந்தது. யூபிஎஸ்ஸுக்கு மாத்தினாப்போல விழுறதே இல்லை. பிளாக்லிஸ்ட் போட்டதும் ஏசிஆர்122யூ வந்திட்டுது.

அண்ணை சொன்னமாதிரி லூப்பைத் திருப்பி எழுதியாச்சு. குளோபல் மாறி போயிட்டுது. கழட்டிப் பூட்டினால் ஒரு செக்கனுக்குள்ள எழும்புது, சிபியூ 0. மிச்சம் மூண்டு விசயம் கிடக்கு.

முகாமையாளர் ரீடரும் உறுப்பினர் ரீடரும் மாறுறது இன்னும் நிக்கேல்லை. ஒண்டின்ர பெயர் 00 00 எண்டு முடியுது, மற்றது 01 00. கணினியை அணைச்சுப் போட்டால் சிலவேளை தலைகீழ். பெயரில சீரியல் இலக்கமும் இல்லை.

கார்ட்டைச் செருகினவுடன எஸ்கார்ட்-கனெக்ட் செய்தால் பத்துக்கு ஒருக்கா "கார்ட் பதில் சொல்லேல்லை" எண்டு வருது. எடுத்துத் திரும்பச் செருகினால் சரி.

ஏசிஆர்122யூ ஒவ்வொரு கார்ட்டுக்கும் பீப் அடிக்குது. அதை நிப்பாட்டுற கட்டளை அனுப்பினம், நிண்டது. பிறகு திரும்ப அடிக்கத் தொடங்கிட்டுது.

---

பனங்கூடல்

பெயரின்ர கடைசி இரண்டு எண்ணில முதலாவது ரீடர் வரிசை எண், இரண்டாவது அந்த ரீடருக்குள்ள இருக்கிற கார்ட் துளையின்ர எண். ஒரே மாதிரி ரீடர் இரண்டு இருந்தால் டீமன் எதை முதல் காணுதோ அதுக்கு 00. கணினி எழும்பேக்க அந்த ஒழுங்கு நிலையா இருக்கும் எண்டு நம்பக்கூடாது. சீரியல் இலக்கம் உள்ள ரீடர் எண்டால் அது பெயருக்குள்ளேயே வரும், அதைப் பிடிக்கலாம். இல்லாததுக்கு ஒரே வழி, எந்த யூஎஸ்பி போர்ட்டில பூட்டியிருக்கு எண்டதைப் பிடிக்கிறது.

ரீடர் புதுசா வந்ததும் எஸ்கார்ட்-கனெக்ட்டை "ஷேர் டைரக்ட்" முறையில, புரோட்டோகோல் 0 ஆகக் கூப்பிடுங்கோ. இந்த முறையில கார்ட் இல்லாட்டிலும் இணையும். பிறகு எஸ்கார்ட்-கெட்அட்ரிப் மூலம் "சனல் ஐடி" பண்பைக் கேளுங்கோ. 4 பைட் வரும். மேல் பாதி பதினறும எண்ணில 0020 எண்டால் யூஎஸ்பி. கீழ் பாதியில முதல் பைட் பஸ் எண், அடுத்தது சாதன முகவரி. முகவரி ஒவ்வொரு தரம் பூட்டேக்கயும் மாறும், ஆகவே அதைச் சேமிக்கவேண்டாம். சிஸ் கோப்பகத்தில பஸ் யூஎஸ்பி டிவைசஸ் அடைவுக்குள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் பஸ்நம், டெவ்நம் எண்டு இரண்டு கோப்பு இருக்கும். இரண்டும் பொருந்துற அடைவின்ர பெயர் 1-1.3 மாதிரி இருக்கும். பஸ் 1, அதில 1ஆம் போர்ட்டில ஹப், ஹப்பில 3ஆம் போர்ட். அதே யூஎஸ்பி போர்ட்டில பூட்டுமட்டும் அது மாறாது. "1-1.3 முகாமையாளர், 1-1.4 உறுப்பினர்" எண்டு அமைப்புக் கோப்பில எழுதி, ஹப்பில ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கோ. வேலை முடிஞ்சதும் அந்த டைரக்ட் இணைப்பை உடனே விடவேணும். பிடிச்சுக்கொண்டே இருந்தால் பிறகு வாற கனெக்ட் எல்லாம் ஷேரிங் பிழையில முட்டும்.

கார்ட் பதில் சொல்லாதது. கார்ட் உள்ள போகேக்க, உள்ளுக்க இருக்கிற சின்ன ஆளி மூடுற கணத்தில கார்ட்டின்ர பொன் தகடு ரீடரின்ர தொடுமுள்ளுகளில முழுசா உக்காந்திராது. ரீடர் மின்னைக் குடுக்கும், கார்ட் ஏடிஆர் (மின் வந்ததும் சொல்லுற முதல் பதில்) அனுப்பாது, நிலையில "பிரசென்ட்" ஓட "மியூட்" கொடியும் ஏறும். "பிரசென்ட்" கண்டவுடன ஓடாதேங்கோ. "மியூட்" இறங்கியிருக்கவேணும், ஏடிஆர் நீளம் 0க்கு மேல இருக்கவேணும். மியூட் எண்டால் 300 மில்லிசெக்கன் விட்டு ஒருக்கா முயற்சி, அதுவும் சரிவராட்டில் முகப்பில சொல்லுங்கோ. கவுண்டர் பிள்ளைக்கு "பிழை" எண்டு பொதுவாக் காட்டினால் ஒரு பிரயோசனமும் இல்லை. ரீடர் இல்லாட்டில் "ரீடர் வயர் கழண்டிருக்கு", மியூட் எண்டால் "கார்ட்டைத் திருப்பிச் செருகவும், தங்க நிறம் மேல்பக்கம்" எண்டமாதிரி, உங்கட ரீடரில எந்தப் பக்கமோ அதைப் போடுங்கோ. இரண்டுக்கும் கை செய்யவேண்டிய வேலை வேற.

குறிப்பிட்ட ஒரு ரீடரில மட்டும் மியூட் கூடுதெண்டால் முள்ளு ஊத்தை. எங்கட பக்கம் உப்புக் காத்தும் செம்மண் தூசியும் சேர்ந்து அதில படியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹோல் தொட்ட துப்புரவுக் கார்ட்டை நாலைஞ்சு தரம் செருகி எடுத்தால் போதும். ஊசி, மண்தாள் ஒண்டும் வேண்டாம், முள்ளின்ர பூச்சு போயிடும்.

பீப் விசயம் ஹொட்பிளக்கின்ர நேரடிப் பாடம்தான். அந்த அமைப்பு ரீடருக்குள்ள நிரந்தரமா எழுதுப்படுறதில்லை, மின் போனால் போச்சு. அதாவது ரீடர் வந்ததும் செய்யவேண்டிய வேலைகளுக்கு உங்கட கோட்டில ஒரு தனி இடம் வேணும். போர்ட் அடையாளம் பாக்கிறது, பீப் நிப்பாட்டுறது எல்லாம் அங்க. புரோகிராம் தொடங்கேக்க ஒருக்காச் செய்யிற வேலை எண்டு நினைச்சுத்தான் நீங்கள் மெயின் ஃபங்ஷனில போட்டிருப்பியள். கார்ட் இல்லாமலே அந்தக் கட்டளையை எஸ்கார்ட்-கன்ட்ரோல் வழியா அனுப்ப, ரீடர் டிரைவரான லிப்சிசிஐடியின்ர இன்ஃபோ.பிலிஸ்ட் கோப்பில ஐஎஃப்டி-டிரைவர்-ஒப்ஷன்ஸ் எண்ட மதிப்பின்ர முதல் பிட்டை ஏத்தவேணும். டெபியனில அந்தக் கோப்பு எட்சி அடைவில லிப்சிசிஐடி_இன்ஃபோ.பிலிஸ்ட் எண்டு இருக்கும். மாத்தினபிறகு டீமனைத் திரும்பத் தொடக்குங்கோ. இல்லாட்டில் கார்ட் வந்து இணைஞ்ச பிறகு சாதாரண ஏபிடியூவா (கார்ட் கட்டளையா) அனுப்புங்கோ: எஃப்எஃப் 00 52 00 00. எனக்கு இரண்டாவதுதான் பிடிப்பு. ஒவ்வொரு கணினியிலயும் எட்சி கோப்பை மாத்திக்கொண்டு திரியத் தேவையில்லை, முதல் கார்ட்டுக்கு மட்டும் ஒரு பீப் வரும்.

---

தட்டிவான்

லூப் எழுதியாச்சு எண்டால் சோதனை முக்கியம். கையால இருபது தரம் கழட்டிப் பாத்தால் போதாது, போர்ட்டும் தேஞ்சுபோகும்.

சிஸ் அடைவில உங்கட ரீடரின்ர இடத்துக்குள்ள, உதாரணத்துக்கு 1-1.3க்குள்ள, "ஓதரைஸ்ட்" எண்டு ஒரு கோப்பு இருக்கு. ரூட்டா இருந்து அதுக்குள்ள 0 எழுதினால் கேர்னல் அந்தச் சாதனத்தின்ர இடைமுகத்தை இறக்கும், பிசிஎஸ்சிடிக்கு அது வயர் கழண்டமாதிரி. 1 எழுதினால் திரும்ப வரும். ஒரு ஷெல் ஸ்க்ரிப்டில 0.1 செக்கனில இருந்து 3 செக்கன் வரை எழுந்தமான இடைவெளி வைச்சு 500 தரம் ஓடவிடுங்கோ. குறுகின இடைவெளிதான் உடைக்கும்: டீமன் பழையதை இறக்கி முடிய முந்தி புதுசு வந்து நிக்கும். ஓடுற நேரம் புரொக் அடைவில உங்கட புரோசெஸ்ஸின்ர எஃப்டி (திறந்த கோப்பு) எண்ணிக்கையை எண்ணுங்கோ. ஏறிக்கொண்டே போனால் பழைய கொன்டெக்ஸ்ட்டை விடாமல் புதுசு எடுக்கிறியள். நினைவகக் கசிவு பிடிக்கிற வால்கிரைண்டிலயும் ஒருக்கா ஓட்டுங்கோ, பட்டியலை ஓட்டோஅலொகேட் முறையில எடுத்துப்போட்டு எஸ்கார்ட்-ஃப்ரீமெமரி மறந்தால் அதில பிடிபடும்.

கார்ட் செருகி எடுக்கிறதைச் சோதிக்க விஸ்மார்ட்கார்ட் திட்டத்தில வாற விபிசிடி. அது டீமனுக்குள்ள மெய்நிகர் ரீடரா நிண்டு 35963ஆம் டிசிபி போர்ட்டில கார்ட்டுக்குக் காத்திருக்கும். இதோட தானியங்கிச் சோதனை எழுதலாம், ரீடர் இல்லாத ஆளும் உங்கட திட்டத்துக்குப் பங்களிக்கலாம். திறந்த மூலம் எண்டால் அது முக்கியம். வன்பொருள் வைச்சிருக்கிற ஒருத்தர் மட்டும் சோதிக்கேலுமெண்டால் மற்றவை ஒதுங்கிவிடுவினம்.

பிழை உங்களிலயா டீமனிலயா எண்டு பிரிக்க, பக்கத்தில பிசிஎஸ்சி_ஸ்கான் ஓடவிடுங்கோ. அது மாற்றத்தைக் காட்டி நீங்கள் காட்டாட்டில் பிழை உங்களில. அதுவும் காட்டாட்டில் பிசிஎஸ்சிடி.சொக்கெட், பிசிஎஸ்சிடி.சேர்விஸ் இரண்டையும் நிப்பாட்டி, பிசிஎஸ்சிடியை --ஃபோர்கிரவுண்ட் --டீபக் --ஏபிடியூ எண்டு கையால ஓட்டிப் பாருங்கோ. சொக்கெட்டை நிப்பாட்ட மறந்தால் அடுத்த அழைப்பிலேயே சிஸ்டம்டி பின்னால இன்னொண்டை எழுப்பிவிடும், நீங்கள் பாக்கிற திரையில ஒண்டும் வராது.

கோட்டை விண்டோஸுக்கும் கொண்டுபோற எண்ணம் இருந்தால் இப்பவே மூண்டைக் கவனியுங்கோ. அங்க கடைசி ரீடர் கழண்டதும் ஸ்மார்ட் கார்ட் சேவையே நிண்டு "சேர்விஸ் ஸ்டொப்ட்" பிழை வரலாம். கொன்டெக்ஸ்ட்டை விட்டுப் புதுசு எடுக்கவேணும். போலி ரீடருக்குக் கரண்ட்ஸ்டேட்டின்ர மேல் 16 பிட்டில இப்ப தெரிஞ்ச ரீடர் எண்ணிக்கையைக் குடுக்கவேணும், அண்ணை சொன்ன சந்து அதால அடைபடும். மற்றது, 64 பிட் லினக்ஸில பிசிஎஸ்சி-லைட்டின்ர டிவேர்ட் எண்ட எண் வகை 8 பைட், விண்டோஸிலயும் மக்கிலயும் 4. பைத்தனில இருந்து சிடைப்ஸ் மூலம் கூப்பிடுற ஆக்கள் விழுற இடம் இது. மக்கில பிஎன்பி போலி ரீடர் வேலை செய்யாது, அண்ணையின்ர இரண்டாம் படிச் சோதனை இருந்தால் அங்க தானா மாத்து வழிக்குப் போகும்.

---

செம்மண், கோண்டாவில்

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன் தம்பி: உறுப்பினரின் மீதித் தொகையைக் கார்ட்டுக்குள் எழுதுகிறீர்களா, வாசிப்பது மட்டுமா?

---

வடலி_கோட்

செருகுற கார்ட்டில புள்ளிகளை எழுதுறம் அக்கா. தட்டுற கார்ட்டில யூஐடி (கார்ட்டின்ர அடையாள எண்) மட்டும் வாசிக்கிறம், எஃப்எஃப் சிஏ 00 00 00.

---

செம்மண், கோண்டாவில்

அப்படியானால் ஹொட்பிளக்கில் மிகவும் ஆபத்தான இடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது ரீடரோ கார்ட்டோ போனால் எஸ்கார்ட்-டிரான்ஸ்மிட் பிழையோடு திரும்பும். அந்தப் பிழை "எழுதவில்லை" என்று சொல்லவில்லை. கார்ட் எழுதி முடித்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். பிழை வந்ததென்று திரும்ப எழுதினால் புள்ளி இரட்டிப்பாகும், விட்டால் தொலையும்.

கார்ட்டில் இரண்டு பதிவுகள் வையுங்கள். ஒவ்வொன்றிலும் தொடரெண், தொகை, சிஆர்சி (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்). எழுதும்போது எப்போதும் பழைய பதிவின்மேல், தொடரெண்ணை ஒன்று கூட்டி எழுதுங்கள். வாசிக்கும்போது சிஆர்சி சரியாக உள்ளவற்றில் பெரிய தொடரெண்தான் மெய். பாதியில் அறுந்தால் அந்தப் பதிவின் சிஆர்சி பிழைக்கும், முந்தியது சேதமில்லாமல் இருக்கும். எழுத முன்னர் தரவுத்தளத்தில் "கார்ட் எண், புதிய தொடரெண், தொகை, நிலுவை" என்று ஒரு வரி போடுங்கள். கார்ட் திரும்ப வந்ததும் அதன் தொடரெண்ணை வாசித்து ஒப்பிட்டால் எழுதியதா இல்லையா என்பது தெளிவாகிவிடும். முழுவதையும் எஸ்கார்ட்-பிகின்டிரான்சாக்ஷனுக்குள் செய்யுங்கள், இடையில் வேறு புரோகிராம் நுழையாது.

திரும்ப வந்த கார்ட் அதே கார்ட் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வரிசையில் நிற்கும் அடுத்தவர் தன் கார்ட்டைச் செருகியிருப்பார். புதிய இணைப்பு, புதிய செலக்ட் கட்டளை, கார்ட் எண்ணைத் திரும்ப வாசிப்பது, அதன்பிறகுதான் மற்றவை. "ரீசெட் கார்ட்" என்று எச்சரிக்கை வந்தாலும் ரீகனெக்ட் செய்துவிட்டு இதே ஒழுங்குதான், ஏனென்றால் ரீசெட்டில் கார்ட் தான் தெரிவு செய்திருந்த கோப்பையும் சரிபார்த்த இரகசிய (PIN) எண்ணையும் மறந்துவிடும்.

தட்டும் கார்ட்டின் யூஐடியை வருகைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளலாம், காசுக்கு வேண்டாம். யூஐடியைப் பிரதி செய்யக்கூடிய வெற்றுக் கார்ட்கள் சாதாரணமாக விலைக்குக் கிடைக்கின்றன. மைஃபெயார் கிளாசிக் என்ற தட்டும் கார்ட் வகையின் மறையாக்கமும் 2008இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. நாலாவது கவுண்டரில் புள்ளி கழிப்பதாக இருந்தால் அங்கேயும் ஒரு ஏசிஆர்39யூ பூட்டுங்கள். உங்கள் லூப் இப்போது இரண்டையும் தாங்கும்.